அழுகை வேறு, வலி வேறு

மகனுக்கு ரத்தம் எடுக்கும்போது வலியைக் குறைக்க வழி கேட்டதற்கு லேபில் சிரித்தார்கள் என்று நேற்று எழுதியிருந்தேன். அந்தப் பதிவின் கீழ் "குழந்தைன்னா அழத்தான் செய்யும்" என்று அறிவுரை சொன்ன எல்லோருக்கும் நன்றி. மூன்று வயதுப் பிள்ளை அழும் என்பது பெற்றவளுக்குத் தெரியாமல் போய்விட்டது பாருங்கள்.

நான் சொன்னது அழுகையைப் பற்றி அல்ல, வலியைப் பற்றி. டெங்கு என்பதால் ரத்தத்தில் தட்டணு (பிளேட்லெட்) எவ்வளவு என்று பார்க்க, ரத்தம் எடுக்கத் தினம் ஒரு ஊசி. மூன்றாம் நாள் இரண்டு பேர் அமுக்கிப் பிடித்துக்கொள்ள, நரம்பு கிடைக்கவில்லை என்று நான்கு இடத்தில் குத்தினார்கள். மரத்துப்போகிற களிம்பு போடலாமா என்று கேட்டேன். சிரித்தார்கள்.

அது நான் கண்டுபிடித்த களிம்பு இல்லை. லிடோகெயின், பிரிலோகெயின் கலந்தது, 1980களிலிருந்தே இருக்கிறது. குத்தும் இடத்தில் பூசி, மேலே ஒட்டி மூடி, ஒரு மணி நேரம் விட வேண்டும். அவ்வளவுதான்.

"ஒரு மணி நேரம் யாருக்கு இருக்கு?" அவசரம் என்றால் சரி, நானே வேண்டாம் என்பேன். ஆனால் டோக்கனோடு நாங்கள் உட்கார்ந்திருந்தது ஒன்றேகால் மணி நேரம்!

"லேப்காரங்களுக்கும் கஷ்டம் இருக்கு." இருக்கட்டும். களிம்பே வேண்டாம். படுக்கப்போட்டு அமுக்காமல் என் மடியில் உட்காரவைத்து, அணைத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கலாமே? அதற்கு என்ன செலவு? என்னை வெளியே அல்லவா நிற்கச் சொன்னார்கள். கைக்குழந்தை என்றால் பால் கொடுத்துக்கொண்டே எடுக்கலாம், வலி குறையும். இதையெல்லாம் கேட்டால் நான் ஓவராகப் பண்ணுகிறேனாம்.

பிறந்த குழந்தைக்கு வலியே தெரியாது என்று சொல்லி, அறுவை சிகிச்சையைக்கூடப் போதிய வலிமருந்து இல்லாமல் செய்த காலம் ஒன்று இருந்தது. அது தவறு என்று 1987இல் ஆய்வுகளோடு எழுதியவர் இந்தியாவில் மருத்துவம் படித்துப் போன கன்வல்ஜீத் ஆனந்த். அவரிடமும் யாராவது சிரித்திருப்பார்கள்.

அப்புறம், "நாமெல்லாம் வளரலையா?" வளர்ந்தோம். கம்பவுண்டர் ஊசியைக் கொதிக்கவைக்கும் வாசனை வந்தாலே நான் பெஞ்சுக்கு அடியில் போய்விடுவேன். அப்பா காலைப் பிடித்து இழுத்துக்கொண்டே "எறும்பு கடிக்கிற மாதிரிதான்" என்பார். அன்றிலிருந்து அவர் சொன்ன எதையும் முழுசாக நம்பியதில்லை. இன்று 41 வயது. சர்க்கரைப் பரிசோதனையை இரண்டு வருடமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறேன். வளர்ந்த லட்சணம் இது.

அதே எறும்புக் கதையைத்தான் அன்று நானும் என் மகனிடம் சொன்னேன். அதை யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன்.

நாளை மறுபடியும் தட்டணு பார்க்க வேண்டும். டாக்டரிடம் கேட்டுக் களிம்பு வாங்கியாகிவிட்டது. அவன் தூங்குகிறான், இரண்டு கையையும் வயிற்றுக்கு அடியில் மறைத்துக்கொண்டு.