ரெண்டு இட்லிக்காக ஆபரேஷனைத் தள்ளிவைத்த டாக்டர்

போன மாதம் காரைக்குடியில் அப்பத்தாவுக்குப் பித்தப்பைக் கல் ஆபரேஷன். ராத்திரி 10 மணிக்கு மேல் எதுவும் சாப்பிடக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். ஆனால் வெறும் வயிற்றோடு யாரையும் வாசல்படி தாண்ட விட எங்கள் பக்கத்தில் மனசு வராது, பெரியத்தை விடியக்காலையில் யாருக்கும் தெரியாமல் ரெண்டு இட்லியும் காபியும் கொடுத்துவிட்டார். தியேட்டர் வாசலில் மயக்க டாக்டர் "ஆச்சி, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டதும் அப்பத்தா உள்ளதைச் சொன்னார். அன்றைக்கு ஆபரேஷன் இல்லை.

சித்தப்பாவுக்குக் கோபம். ரெண்டு இட்லிக்கு இவ்வளவு அலட்டலா என்று தேவகோட்டை வந்து சேரும் வரை பேசிக்கொண்டே வந்தார். என்னைக் கேட்டால் அந்த டாக்டர் கையெடுத்துக் கும்பிட வேண்டியவர்.

மயக்க ஊசி என்றால் தூங்க வைப்பது என்றுதான் நினைக்கிறோம். தூக்கத்தில் புரையேறினால் இருமி எழுந்துவிடுவோம், இதில் முடியாது. பால் மாதிரி வெள்ளையாக ஒரு மருந்து, புரோபோஃபால், நரம்பில் ஏறினால் 30, 40 விநாடியில் நினைவு போய்விடும், கூடவே அந்த இருமலும் போகும், மூச்சுகூடக் கொஞ்ச நேரம் நின்றுவிடும். அந்த நேரம் பார்த்து வயிற்றில் கிடக்கும் இட்லி மேலே வந்தால் தடுக்க ஆளில்லை, நுரையீரலுக்குள் இறங்கிவிடும். உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இட்லி மாதிரி லேசான சாப்பாட்டுக்கு 6 மணி நேரம், கறி, எண்ணெய்ப் பலகாரத்துக்கு 8 மணி நேரம் இடைவெளி கேட்கிறார்கள். பால் காபியும் சாப்பாட்டுக் கணக்குதான். வெறும் தண்ணீர் மட்டும் 2 மணி நேரம் முன்பு வரை குடிக்கலாம்.

அப்புறம், ஊசியைப் போட்டுவிட்டு அந்த டாக்டர் போய்விடுவதும் இல்லை. முதல் ஊசியின் வேகம் 5, 10 நிமிடத்தில் இறங்கிவிடும், அதற்குப் பிறகு பம்ப் வைத்து அதே மருந்தையோ, இல்லை மூச்சோடு உள்ளே போகிற மயக்க கேஸையோ கடைசி வரை கொடுத்துக்கொண்டே தலைமாட்டில் இருக்க வேண்டும். புரோபோஃபால் பிரஷரை இறக்கும், வயசானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். இதயம் பலவீனம் என்றால் எட்டோமிடேட், ரத்தம் நிறையப் போனவர்களுக்குக் கெட்டமின் என்று ஆளைப் பார்த்து மருந்தே மாறும். நாம் மாத்திரையை, லேகியத்தை, பழைய வியாதியை மறைத்தால் அவர் எதை வைத்து முடிவு செய்வார்? கத்தி பிடிக்கிற டாக்டர் கைராசியானவரா என்று நாலு பேரிடம் விசாரிக்கிற நாம், இவர் பெயரைக்கூடக் கேட்பதில்லை. எனக்கு அது தப்பாகப் படுகிறது.

அடுத்த வியாழக்கிழமை ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது. அன்றைக்கு அப்பத்தா வண்டி ஏறும் வரை பெரியத்தை அடுப்பே பற்றவைக்கவில்லை.