ஆள் கிடைக்கவில்லை என்னும் நிறுவனங்கள் கவனிக்க வேண்டியது

தொழிற்பயிற்சி முடித்தவர்கள் வேலை இல்லை என்கிறார்கள். உற்பத்தி நிறுவனங்களோ தகுதியான ஆள் இல்லை என்கின்றன. பழி பெரும்பாலும் பாடத்திட்டத்தின் மீதே விழுகிறது. பல இடங்களில் அது பழையதாகிவிட்டது உண்மைதான். ஆனால், எந்தத் திறன் வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லும் பொறுப்பை நிறுவனங்கள் ஏற்காதவரை, பாடத்திட்டத்தை எத்தனை முறை திருத்தினாலும் பயன் இராது என்பது என் உறுதியான கருத்து.

"சி.என்.சி. ஆபரேட்டர் (கணினிக் கட்டுப்பாட்டில் உலோகத்தை வெட்டும் இயந்திரத்தை இயக்குபவர்) தேவை" என்ற ஒற்றை வரியிலிருந்து பயிற்றுநர் எதையும் அறிந்துகொள்ள முடியாது. பொருளைப் பொருத்திப் பொத்தானை அழுத்துபவரும் ஆபரேட்டர்தான். அளவு பிசகும்போது காரணம் கண்டு ஆஃப்செட்டை, அதாவது வெட்டும் அளவைச் சரிசெய்ய இயந்திரத்தில் பதியும் திருத்த எண்ணை, மாற்றியமைப்பவரும் ஆபரேட்டர்தான். ஒரு தண்டின் விட்டம் 0.02 மி.மீ. கூடுதலாக வந்தால், வெட்டுளி தேய்ந்துவிட்டதா, அளக்கும் மைக்ரோமீட்டரில் பூச்சியப் பிழை (எதையும் அளக்காதபோதே பூச்சியம் காட்டாத குறை) இருக்கிறதா, சூடு ஆறுமுன் அளந்துவிட்டோமா என்று பிரித்தறியத் தெரிய வேண்டும். 100 மி.மீ. விட்டமுள்ள எஃகுத் தண்டு 10 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினாலே ஏறத்தாழ 0.012 மி.மீ. பெருத்துவிடும், அந்தச் சூட்டில் அளந்து ஆஃப்செட்டை மாற்றிவிட்டால், அடுத்து வரும் தண்டுகள் ஆறியபின் அளவு குறைந்து நிற்கும். இப்படிப்பட்ட முடிவுகள் எங்கே, எத்தனை முறை தேவைப்படுகின்றன என்பதை ஆள்சேர்ப்புப் பிரிவைவிட ஷிஃப்ட் சூப்பர்வைசர் நன்கறிவார். பாடத்திட்டக் குழுவில் அவருக்கு இடம் வேண்டும்.

ஜெர்மனியின் இரட்டைப் பயிற்சி முறையைப் பற்றிப் பேசுவோர், மாணவர் வாரத்தில் மூன்று நான்கு நாட்கள் நிறுவனத்திலும் மீதி நாட்கள் தொழிற்பள்ளியிலும் கற்பதையே எடுத்துச் சொல்கிறார்கள். அந்த முறையின் வலிமை, 1969ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் தேர்வை அமைத்த விதத்தில் இருப்பதாக நான் கருதுகிறேன். தேர்வுக் குழுவில் முதலாளிகள் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் அமர, தொழிற்பள்ளி ஆசிரியரும் உடனிருக்கிறார். தம்மவர் உட்கார்ந்து மதிப்பிட்ட சான்றிதழை நிறுவனம் நம்புகிறது. இயந்திரவியலும் மின்னணுவியலும் கலந்த வேலைகள் பெருகியபோது, 1998இல் மெக்கட்ரானிக்ஸ் தனித் தொழிலாகவே அங்கு அங்கீகரிக்கப்பட்டது.

அதற்காக, ஒரு நிறுவனத்தின் இயந்திரத்துக்கு மட்டும் ஆள் தயாரிக்கும் பயிற்சியை நான் ஏற்கவில்லை. கண்ட்ரோலர் மாறும், மென்பொருள் மாறும். வரைபடம் படிப்பதும், சரியாக அளப்பதும், உலோகத்தின் இயல்பை அறிவதும் எந்த ஆலைக்குப் போனாலும் உடன் வரும். பொதுப் பணத்தில் நடக்கும் பயிற்சி, முதலில் இளைஞனின் வாழ்நாளுக்கும் பிறகு ஒரு நிறுவனத்தின் ஆண்டுத் திட்டத்துக்கும் உதவ வேண்டும். தம் இயந்திரத்துக்கு மட்டுமே உரிய பகுதியை அந்தந்த நிறுவனமே கற்றுக்கொடுக்கட்டும். சிறு நிறுவனங்கள் சேர்ந்து ஒரு பொதுப் பயிற்சிக்கூடம் நடத்தலாம்.

சம்பளத்தையும் சொல்லியாக வேண்டும். பயிற்சி பெற்றவருக்கும் பெறாதவருக்கும் ஒரே ஊதியம் என்றால், யாரும் ஆண்டுக்கணக்கில் பட்டறையில் நின்று கற்க மாட்டார்கள். அடுத்த பாடத்திட்டக் கூட்டத்துக்கு வரும் நிறுவனங்கள் மூன்று விவரங்களை எழுத்தில் தர வேண்டும்: புதியவர் முதல் ஆண்டில் செய்யவேண்டிய வேலைகள், அவற்றில் ஏற்கத்தக்க பிழை அளவு, அவற்றைச் செய்யத் தெரிந்தவருக்குத் தரும் ஊதியம்.