காசு வாங்கிய பிறகும் காலை 7 மணிப் பந்தயம் எதற்கு?

ஓர்லாண்டோவின் டிஸ்னி வேர்ல்டுக்குப் போய்வந்த இரண்டு குடும்பங்கள் சந்தித்துக்கொண்டால், எந்தச் சவாரி பிடித்திருந்தது என்ற பேச்சுக்கு முன்பே, காலை 7 மணிக்கு எது கிடைத்தது, எது கைநழுவியது என்ற பேச்சு வந்துவிடுகிறது. கூடுதல் பணம் கட்டி, பொது வரிசையில் நிற்காமல் உள்ளே செல்ல வழிசெய்யும் லைட்னிங் லேன் முன்பதிவு அந்த நேரத்தில்தான் திறக்கிறது. அந்த நேரத்தை மாற்ற வேண்டும் என்போரும், அது சரியான நேரம்தான் என்போரும் சில ஆண்டுகளாக வாதிட்டு வருகிறார்கள். மாற்றியே ஆக வேண்டும் என்பது என் கருத்து. பணம் கொடுத்து வரிசையைத் தாண்டலாமா என்பது வேறு விவாதம். அதை இங்கே எடுக்கவில்லை.

இந்த வசதியின் முன்னோடியான ஃபாஸ்ட்பாஸ் 1999இல் அறிமுகமானபோது அது இலவசம். பூங்காவுக்குள் வந்து, சவாரிக்கு அருகே இருந்த எந்திரத்தில் நுழைவுச்சீட்டைச் செருகினால், எத்தனை மணிக்குத் திரும்பி வரலாம் என்று அச்சிட்ட தாள் கிடைக்கும். பின்னர் அது கைப்பேசிக்கு மாறியபோதும் இலவசமாகவே இருந்தது. பெருந்தொற்றால் 2020இல் நின்றுபோன அந்த ஏற்பாட்டின் இடத்தில், 2021 அக்டோபர் 19 அன்று, லைட்னிங் லேன் பதிவுக்கான கட்டணச் சேவையாக ஜீனி பிளஸ் வந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 டாலர் என்று தொடங்கிய கட்டணம், அடுத்த ஆண்டிலிருந்து கூட்டத்துக்கு ஏற்ப ஏறி இறங்கியது. அதில் ஒவ்வொரு நாளின் முதல் முன்பதிவும் அன்று காலை 7 மணிக்குத் திறந்தது.

இதில் விற்கப்படுவது என்ன என்று பார்த்தால்தான் சிக்கல் விளங்கும். ஒரு சவாரியில் ஒரு மணி நேரத்துக்கு இத்தனை பேர்தான் ஏற முடியும்; அதில் ஒரு பங்கு, பணம் கட்டியவர்களுக்கு ஒதுக்கப்படுகிறது. முதலில் தொடுபவருக்குக் காலை 9 மணி கிடைக்கும். அந்த மணி நேரம் நிரம்பியதும் அடுத்தவருக்கு 10, அதற்கடுத்தவருக்கு 11 என்று தள்ளிக்கொண்டே போய், ஸ்லிங்கி டாக் டேஷ் போன்ற சவாரிகளில் சீக்கிரமே அன்றைய இடங்கள் அனைத்தும் தீர்ந்துவிடும். ஆகவே, ஒரே விலை கொடுத்த இருவரில் ஒருவருக்கு வெயிலேறும் முன் சவாரி, மற்றவருக்கு இரவு எட்டு மணிக்குச் சவாரி, அல்லது எதுவுமே இல்லை. அந்த வேறுபாட்டைத் தீர்மானிப்பது அவர்கள் கொடுத்த பணம் அல்ல, காலை 7 மணியை ஒட்டிய சில நிமிடங்கள்.

நான் இதில் தோற்றுப்போய்ப் பேசவில்லை. ஒரு பெரிய பூங்காவுக்கு அருகில் தங்கியிருந்தபோது, பிள்ளைகளின் தூக்கம் கலையக்கூடாது என்று குளியலறைக்குள் சென்று, கதவைச் சாத்திக்கொண்டு, தொட்டியின் விளிம்பில் அமர்ந்திருந்தேன். மனைவியின் கைப்பேசியில் நொடிமுள் ஓடும் கடிகாரம், என்னுடையதில் செயலி. ஏழு அடித்ததும் திரையை இழுத்துவிட்டேன், 9.50 என்று காட்டியது. நான்கு பெயர்களைத் தேர்ந்தெடுத்து உறுதிசெய்வதற்குள் அது 10.35 ஆகிவிட்டது. ஆனாலும் கிடைத்தது. காலை உணவின்போது பக்கத்து மேசையில் இருந்தவர் எட்டு மணிக்கு எழுந்து, எங்களுக்கான அதே தொகையைக் கட்டியிருந்தார். அவருக்குக் கிடைத்தது மாலை 6.15. இரண்டு வயது மகள் அதுவரை விழித்திருப்பாளா என்று அவர் கேட்டபோது எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

அதிகாலையில் எழுபவருக்கு முன்னுரிமை கிடைப்பதில் என்ன தவறு என்று கேட்கிறார்கள். இலவச வரிசைக்கு அந்த நியாயம் முழுவதும் பொருந்தும். அங்கே ஒருவர் தரக்கூடியது அவருடைய நேரமும் உழைப்பும் மட்டுமே. பணத்தைப் பெற்றுக்கொண்ட பிறகு தூக்கத்தையும் கேட்பது இரட்டை வசூல். இத்தனைக்கும் மிக அதிகம் கொடுப்பவரிடம் அதைக் கேட்பதில்லை. 2024 அக்டோபர் இறுதியில் தொடங்கிய பிரீமியர் பாஸுக்கு, பூங்காவையும் நாளையும் பொறுத்து 129 முதல் 449 டாலர் வரை விலை வைத்தார்கள். அதை வாங்கியவர் எந்த நேரத்தையும் பதிவுசெய்ய வேண்டியதில்லை, விரும்பியபோது நேரே போகலாம். யூனிவர்சல் பூங்காவின் எக்ஸ்பிரஸ் சீட்டுக்கும் நேரக் கட்டுப்பாடு கிடையாது. கடிகாரத்தோடு மல்லுக்கட்டுவது நடுத்தர விலை கொடுப்பவர்கள் மட்டுமே.

2024 ஜூலை 24 முதல் நிலைமை ஓரளவு சீரானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஜீனி பிளஸின் பெயர் மல்ட்டி பாஸ் என்று மாறியது. டிஸ்னி விடுதியில் தங்குவோர் 7 நாட்களுக்கு முன்பும், மற்றவர்கள் 3 நாட்களுக்கு முன்பும் மூன்று சவாரிகளைப் பதிவுசெய்யலாம். விடுமுறை நாளின் காலை மீண்டது. ஆனால் 7 மணி மட்டும் அப்படியே நின்றுவிட்டது, அதுவும் பூங்கா இருக்கும் அமெரிக்கக் கிழக்குக் கடற்கரையின் 7 மணி. கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு அது அதிகாலை 4; இரவுப் பணியிலிருக்கும் செவிலியருக்கு அது நோயாளிகளை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் நேரம். விடுதிக்காரர்களுக்கு நான்கு நாள் முன்னதாகவே கதவைத் திறந்துவிட்ட பிறகு, மற்றவர்களை இவ்வளவு குறுகிய நேரத்துக்குள் நெருக்குவதற்குக் காரணம் ஏதும் எனக்குத் தென்படவில்லை.

மாற்று வழியை வெளியே தேட வேண்டியதில்லை. அதே நிறுவனத்தின் கலிஃபோர்னியப் பூங்காக்களில், உள்ளே நுழைந்த பிறகுதான் முதல் முன்பதிவைச் செய்ய முடியும். டோக்கியோ டிஸ்னியில் பிரீமியர் அக்சஸ் என்ற இதேபோன்ற கட்டணச் சீட்டை வாங்கவும் உள்ளே வந்திருக்க வேண்டும். வருவோர் வெவ்வேறு நேரத்தில் வருவதால் பதிவும் தானாகப் பரவுகிறது. இதனால் வாசலில் நெரிசல் கூடும், கைக்குழந்தையோடும் முதியவர்களோடும் வருவோர் பின்தங்குவார்கள் என்ற எதிர்வாதத்தை என்னால் தள்ளிவிட முடியவில்லை. டோக்கியோவில் வாயில் திறப்பதற்கு வெகு முன்பே வரிசை நிற்பது உண்மை. அதனால் இருக்கும் இடங்களில் ஒரு பகுதியை மட்டும் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மீதியை உள்ளே இருப்பவர்களுக்கு 11, 1, 3 என்று பிரித்துத் திறக்கலாம். வீட்டிலிருந்து செய்யும் பதிவை இரவு 9 மணிக்கு மாற்றினால், கிழக்கிலும் மேற்கிலும் எல்லோரும் விழித்திருப்பார்கள்.

வரும் மார்ச்சில் மதுரையிலிருந்து அம்மா வருகிறார்; அவரையும் அழைத்துச் செல்கிறோம். முழங்கால் வலியோடு ஒன்றரை மணி நேரம் அவரால் நிற்க முடியாது. நாங்கள் இருக்கும் டல்லஸில் அந்த முன்பதிவு திறக்கும்போது மணி காலை 6 ஆகியிருக்கும். 5.45க்கு அலாரம் வைத்து எழுந்துவிடுவேன். அதே நாளில், என் அம்மாவின் வயதில் ஒருவரை அழைத்து வருகிற, இந்த விவரம் தெரியாத இன்னொரு குடும்பமும் அதே விலையைக் கொடுத்திருக்கும்.