லொரெட்டா லின் எழுதிய பாடல்களைப் பற்றி

2022 அக்டோபர் 4 அன்று, டென்னசி மாநிலத்தின் ஹரிக்கேன் மில்ஸில் உள்ள தம் பண்ணை வீட்டில் லொரெட்டா லின் 90 வயதில் காலமானபோது வந்த அஞ்சலிகளில் பெரும்பாலானவை ஒரே கதையைத்தான் கூறின. கென்டக்கி மலைச்சரிவில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் எட்டுப் பிள்ளைகளில் இரண்டாவதாகப் பிறந்த பெண், சிறுவயதில் மணமுடிக்கப்பட்டு, வறுமையைத் தாண்டி அமெரிக்கக் கிராமப்புற மரபிலிருந்து வளர்ந்த கன்ட்ரி இசையின் அரசியாக உயர்ந்தார் என்பது அந்தக் கதை. அதில் பொய் எதுவும் இல்லை. ஆயினும் வாழ்க்கைக் கதையின் வெளிச்சத்தில் அவருடைய எழுத்து மறைந்துபோகிறது என்பது என் நெடுநாள் வருத்தம். 1976இல் வெளிவந்த தன்வரலாறும், 1980இல் அதைத் தழுவி வந்து நடிகை சிசி ஸ்பேசெக்குக்கு ஆஸ்கர் பெற்றுத் தந்த திரைப்படமும் இந்த மறைப்புக்கு ஓரளவு காரணம். நானும் அந்தப் படத்தின் வழியாகத்தான் அவரை முதலில் அறிந்தேன். பாடல்களைத் தனியே உட்கார்ந்து கேட்டது பல ஆண்டுகளுக்குப் பிறகுதான்.

வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 ஜனவரியில் அவருக்கும் ஆலிவர் லின்னுக்கும் திருமணம் நடந்தது. மணமானபோது தமக்கு வயது 13 என்றே அவர் நெடுங்காலம் சொல்லிவந்தார். அரசுப் பதிவுகளின்படி அது 15. கணவரை ஊரே 'டூலிட்டில்' என்று அழைத்தது. இருவரும் நாட்டின் மறுகோடியான வாஷிங்டன் மாநிலத்திற்குக் குடிபெயர்ந்தார்கள். 17 டாலர் விலையில் ஒரு கிட்டாரை மனைவிக்கு வாங்கிக் கொடுத்தவர் டூலிட்டில்தான். 1960இல் ஒரு சிறு நிறுவனம் வெளியிட்ட முதல் இசைத்தட்டை எடுத்துக்கொண்டு, காரிலேயே உறங்கி எழுந்து, வானொலி நிலையம் வானொலி நிலையமாக இருவரும் அலைந்தார்கள். அந்தப் பாடல் பில்போர்டு இதழின் கன்ட்ரி பாடல் தரவரிசைப் பட்டியலில் 14ஆம் இடத்தை எட்டியது. அதை எழுதியவரும் லொரெட்டாதான் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

அவருடைய எழுத்தின் ஆற்றல் என்னவென்று கேட்டால், பேச்சைப் பேச்சாகவே பாட்டுக்குள் கொண்டுவந்த துணிவு என்பேன். ஒரு நிகழ்ச்சியின்போது, தன் கணவன் வேறொருத்தியை அழைத்து வந்திருக்கிறான் என்று அழுதபடி ஒரு பெண் அவரிடம் வந்தாராம். அந்த மற்றொருத்தியை எட்டிப் பார்த்துவிட்டு, உன் கணவனைப் பறித்துச் செல்ல அவளுக்குப் போதாது என்று லொரெட்டா சொன்ன ஆறுதலே 1966இல் பெரும் வெற்றி பெற்ற ஒரு பாடலின் பல்லவியாக மாறியது. குடித்துவிட்டு ஆசையோடு வீடு திரும்பும் கணவனைத் தடுத்து நிறுத்தும் பாடலைத் தங்கை பெக்கி சூவுடன் சேர்ந்து எழுதினார். 1967இல் கன்ட்ரி பட்டியலில் அவருக்கு முதலிடம் பெற்றுத் தந்த முதல் பாடல் அதுவே. மனைவி கண்ணீர் வடித்துக் காத்திருப்பதைப் பாடிப் பழகிய ஓர் இசையில், வாசற்படியில் நின்று கணவனிடம் முகத்துக்கு நேராகப் பேசும் மனைவியின் குரல் அப்படித்தான் ஒலிக்கத் தொடங்கியது.

1970இல் வெளிவந்த 'கோல் மைனர்ஸ் டாட்டர்' (சுரங்கத் தொழிலாளியின் மகள்) என்ற பாடல் அவருடைய எழுத்தின் உச்சம் என்பது என் உறுதியான கருத்து. அதில் வறுமை என்று புலம்பும் வரி ஒன்றுகூட இல்லை, பொருள்கள் இருக்கின்றன. துவைக்கும் பலகையில் தேய்த்துத் தேய்த்து ரத்தம் கசிந்த தாயின் விரல்கள், இரவில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் அவர் படிக்கும் பைபிள், பன்றியை விற்ற பணத்தில் குளிர்காலத்திற்கு மட்டும் தபாலில் வரவழைக்கப்படும் செருப்புகள் என்று ஒவ்வொன்றும் கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய தெளிவோடு நிற்கின்றன. அவர் எழுதிய வடிவம் இன்னும் நீளமானது. இசைத்தட்டுக்கு அது அதிகம் என்று தயாரிப்பாளர் ஓவன் பிராட்லி சொன்னதால் பல சரணங்களை வெட்டவேண்டியதாயிற்று. அந்த வெட்டு பாடலுக்கு நன்மை செய்திருக்கலாம். ஆனாலும் அந்த வீட்டில் இன்னும் என்னென்ன பொருள்கள் இருந்தன என்ற ஏக்கம் அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு எழுகிறது.

கருத்தடை மாத்திரையைப் பற்றிய 'தி பில்' பாடலைப் பேசாமல் அவரைப் பற்றி எவரும் எழுதுவதில்லை. 1975இல் வெளிவந்தபோது பல வானொலி நிலையங்கள் அதை ஒலிபரப்ப மறுத்தன. அப்படியும் கன்ட்ரி பட்டியலில் 5ஆம் இடம் வரை சென்றது. இனி அடைக்கோழியாக உட்கார்ந்திருக்க மாட்டேன் என்று கணவனிடம் அறிவிக்கும் அந்தப் பாடல் அவர் எழுதியதன்று. ஆனால் இருபது வயதையொட்டியே நான்கு பிள்ளைகளுக்குத் தாயாகி, மொத்தம் ஆறு பிள்ளைகளைப் பெற்றவர் அதைப் பாடியபோது, அது அவருடைய சொந்த வாக்குமூலம் என்றே கேட்டவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

டூலிட்டில் குடித்தார், பிற பெண்களோடு பழகினார். இதை லொரெட்டா ஒருபோதும் மறைக்கவில்லை. இத்தனை உறுதியாகப் பாடியவர், 1996இல் கணவர் இறக்கும்வரை ஏன் அவருடனே வாழ்ந்தார் என்று சிலர் குறையாகக் கேட்பதுண்டு. இந்தக் கேள்வியை நான் ஏற்பதில்லை. வெளியேறிவிட்ட ஒருவர் திரும்பிப் பார்த்து எழுதிய பாடல்கள் அல்ல அவை. அன்று மாலை அதே வீட்டுக்குத் திரும்பிச் சென்று அதே மனிதருக்கு உணவு பரிமாறவேண்டிய ஒருத்தியின் பாடல்கள். அவற்றின் சூடும் அங்கிருந்தே வருகிறது.

1972இல் கன்ட்ரி இசைச் சங்கத்தின் ஆண்டின் சிறந்த கலைஞர் விருதைப் பெற்ற முதல் பெண் அவர். ஆனால் அந்தப் பத்தாண்டிலேயே, தம் பாடல்களின் உரிமையை வைத்திருந்த வெளியீட்டு நிறுவனத்தோடு வழக்கு மூண்டதால் எழுதுவதை வெகுவாகக் குறைத்துக்கொண்டார். விருதுகளைப் பட்டியலிடும் கட்டுரைகள் இந்த இழப்பை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பொறுக்கவில்லை. பாடும் குரல் இருந்தது, மேடை இருந்தது, கேட்க மக்கள் இருந்தார்கள். எழுதும் கை மட்டும் ஓய்ந்திருந்தது.

பிறகு 2004இல், தம் 72ஆவது வயதில், வயதில் பேரன் போன்ற ராக் இசைக்கலைஞர் ஜாக் வைட்டின் தயாரிப்பில் 'வான் லியர் ரோஸ்' தொகுப்பை வெளியிட்டார். அதற்கு இரண்டு கிராமி விருதுகள் கிடைத்தன. அதிலுள்ள 13 தடங்களில் ஒவ்வொன்றும் அவர் தனியாகவோ இன்னொருவரோடு சேர்ந்தோ எழுதியது.  தலைப்பில் இருக்கும் வான் லியர், அவர் தந்தை வேலை பார்த்த சுரங்க ஊரின் பெயர்.