கடை கணக்குப் போடலாம், நாங்கள் போடக் கூடாதா?

அந்த வீடியோவை இதற்குள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பில் கவுன்டர் பக்கத்தில் அந்த அம்மா கையில் ஒரே சாமானின் இரண்டு பாக்கெட்டை வைத்துக்கொண்டு நிற்பாரே, அதுதான். பெரியதைத் திருப்பிப் பார்க்கிறார், சின்னதைத் திருப்பிப் பார்க்கிறார், மனதுக்குள் ஏதோ கணக்குப் போடுகிறார், பெரியதை ஓரமாக வைத்துவிட்டுச் சின்னதில் இன்னொன்று எடுத்துவரப் போகிறார். வரிசையில் நின்ற யாரோ ஒரு புண்ணியவான் அதைப் படம் பிடித்து, சோக இசை வேறு சேர்த்து, "இவருக்கு யாராவது சம்பள உயர்வு வாங்கிக் கொடுங்கப்பா" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

பகிர்ந்தவர்களில் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. பெயர் சொல்லப் போவதில்லை. கோபம் ஆறட்டும் என்று ஒரு நாள் பொறுத்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஆறியிருக்கிறதா என்று போகப் போகத் தெரியும்.

முதலில், அந்த அம்மா போட்ட கணக்கு அர்த்தமுள்ள கணக்கு. பெரிய பாக்கெட் என்றால் மலிவாகத்தான் இருக்கும் என்று நாமெல்லாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். பல சமயம் அது உண்மை. பல சமயம் இல்லை. சின்னதில் தள்ளுபடி போட்டிருப்பார்கள், பெரியதில் போட்டிருக்க மாட்டார்கள். அல்லது பெரியதை யாரும் கணக்குப் பார்க்காமல் எடுப்பார்கள் என்று தெரிந்தே கிலோவுக்குக் கொஞ்சம் கூட வைத்திருப்பார்கள். 'சிக்கன பேக்' என்று அட்டையில் அச்சடிப்பது விற்கிறவர்தான். அது நிஜமாகவே சிக்கனமா என்று தெரிய ஒரே வழி, விலையை எடையால் வகுப்பது. கிலோ என்ன விலை விழுகிறது, லிட்டர் என்ன விலை விழுகிறது. இதைத்தான் அவர் செய்தார். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998-லேயே, பாக்கெட் விலையோடு கிலோவுக்கோ லிட்டருக்கோ என்ன விலை என்பதையும் கடைக்காரர் காட்ட வேண்டும் என்று விதி கொண்டுவந்தார்கள். மக்கள் மனக்கணக்குப் போட்டுத் திண்டாட வேண்டாம் என்றுதான். அங்கே சட்டமாக இருப்பது இங்கே நம் குரூப்பில் நகைச்சுவை.

விலை ஏறினால் எல்லோரும் கவனிப்போம். எடை குறைந்தால் கவனிக்கிறோமா? ஒரு கிலோ பாக்கெட் 900 கிராம் ஆகிறது, விலை அதேதான், அட்டையும் அதே நிறம்தான். எடையில் 10 சதவீதம்தானே போனது என்று தோன்றும். ஆனால் கிலோ விலை 11 சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. 850 கிராம் ஆனால் 17 சதவீதத்தைத் தாண்டும். 2016-ல் பிரிட்டனில் டோப்லரோன் சாக்லேட்டின் முக்கோணங்களுக்கு இடையே இடைவெளியை அகலமாக்கி, 400 கிராமை 360 ஆக்கினார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற மாற்றம் என்பதால் பெரிய ரகளை ஆனது. கண்ணுக்குத் தெரியாமல் நடப்பவற்றுக்கு யார் ரகளை செய்வது? பிரான்ஸில் 2023-ல் கார்ஃபூர் கடைகளே, எடை குறைந்து விலை குறையாத சாமான்களுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டின. அடுத்த வருஷம் ஜூலையிலிருந்து பெரிய கடைகள் அப்படி அறிவிக்க வேண்டும் என்று அரசே சொல்லிவிட்டது. இந்த வேலையைத்தான் அந்த அம்மா சம்பளமே இல்லாமல், கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, நின்ற இடத்தில் செய்துகொண்டிருந்தார்.

கடை கணக்குப் போடலாம், அவர் போடக் கூடாதா?

கடை எவ்வளவு கணக்குப் போடுகிறது என்று யோசித்தால்தான் இந்தக் கேலி எவ்வளவு அநியாயம் என்று புரியும். ஒரு காலத்தில் கடைக்காரரிடம் பட்டியலைக் கொடுப்போம், அவர் நிறுத்துப் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். 1916-ல் அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்று ஒரு கடை திறந்து, வாடிக்கையாளரையே உள்ளே விட்டுக் கூடையைக் கையில் கொடுத்தார். கடைக்காரருக்கு ஆள் கூலி மிச்சம். கூடவே, பட்டியலில் இல்லாத சாமான்களையும் நாம் கடந்து போயே ஆக வேண்டும். அப்புறம் 1937-ல் ஓக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மேன் என்ற கடை முதலாளி கவனித்தது, கூடை கனத்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுகிறார்கள் என்று. சக்கர வண்டி பிறந்தது அப்படித்தான். முதலில் யாரும் அதைத் தொடவில்லையாம். ஆட்களைச் சம்பளத்துக்கு வைத்துக் கடைக்குள்ளே வண்டி தள்ளவிட்டார், அதைப் பார்த்து மற்றவர்கள் தள்ள ஆரம்பித்தார்கள்.

நம் கை வலித்தால் நாம் நிறுத்திவிடுவோம் என்பதைக்கூட ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். தினம் வேண்டியதைக் கடைசி மூலையில் வைப்பது, லாபம் அதிகமுள்ளதைக் கண் மட்டத்தில் வைப்பது, குழந்தை கேட்கும் இனிப்பைக் காசு கட்டும் இடத்தில் வைப்பது, எல்லாமே யோசித்து வைத்ததுதான். அதில் எனக்குக் கோபம் இல்லை. வியாபாரம் அவர்கள் பிழைப்பு. எதிர்ப்பக்கத்தில் நிற்கிறவர் குனிந்து கீழ்த்தட்டைப் பார்த்தால் மட்டும் ஏன் சிரிப்பு வருகிறது என்பதுதான் என் கேள்வி.

"இரண்டு வாங்கினால் ஒன்று இலவசம்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றும் உங்களுக்கு நிஜமாகவே வேண்டும் என்றால் மூன்றில் ஒரு பங்கு மிச்சம். மூன்றாவது கெட்டுப்போய்க் குப்பைக்குப் போனால் மிச்சம் பூஜ்யம். இரண்டுக்கு முழு விலை கொடுத்து இரண்டைச் சாப்பிட்டிருக்கிறீர்கள். ஒன்றுதான் தேவை என்றால் இரு மடங்கு கொடுத்துவிட்டு, இலவசமாய்க் கிடைத்தது என்ற சந்தோஷத்தில் வீட்டுக்கு வந்திருக்கிறீர்கள். வண்டி நிறைய ஆஃபரில் அள்ளுகிறவரை மட்டும் யாரும் வீடியோ எடுப்பதில்லை, கவனித்தீர்களா?

சரி, சொந்தக் கதை கொஞ்சம்.

என் கணவருக்கு வேலை இல்லாமல் போன ஒரு காலம் இருந்தது. பழைய நண்பர்களுக்குத் தெரியும். வாடகையைக் குறைக்க முடியாது, பள்ளிக் கட்டணத்தைக் குறைக்க முடியாது, கடன் தவணை ஒரு நாள் தாமதமானாலும் போன் வரும். அந்த வாரமே, அந்த நிமிஷமே குறைக்க முடிந்த ஒரே செலவு மளிகையும் காய்கறியும்தான். அப்போது பழகியதுதான் இதெல்லாம். அலமாரியைத் திறந்து என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் பட்டியல் எழுதுவது, பசியோடு கடைக்குப் போகாமல் இருப்பது, நறுக்கி வைத்த காயை விட்டு முழுக்காயை எடுப்பது, அடிக்கடி வாங்கும் சாமான்களின் கிலோ விலையை மனதில் வைத்துக்கொள்வது, விளம்பரப் பெயர் இல்லாததை ஒரு தடவை வாங்கிப் பார்ப்பது. பிடிக்காவிட்டால் பழையதற்கே திரும்பிவிடலாம். பிடித்துவிட்டால் மாதா மாதம் மிச்சம். பிள்ளைகளுக்கு வீட்டில் கஷ்டம் என்பதே தெரியாமல் அந்தக் காலம் ஓடியது.

வேலை கிடைத்து எல்லாம் சரியான பிறகு, ஒரு விசேஷத்தில் குடும்பமே கூடியிருந்தபோது என் நாத்தனார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "அண்ணி கடைக்குள்ள நுழைஞ்சா கடைக்காரரே கால்குலேட்டரை ஒளிச்சு வெச்சிடுவார்." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது. அவள் சொன்னது கூட எனக்கு வலிக்கவில்லை, அவள் எப்போதும் அப்படித்தான். என் கணவரும் சிரித்தார். அந்தக் காலம் முழுக்க அந்தக் கணக்கில் வந்த சோற்றைச் சாப்பிட்டவர். அதை இன்றுவரை அவரிடம் சொன்னதில்லை. இந்தப் பதிவைப் படித்தால் தெரிந்துகொள்ளட்டும்.

இப்போது சில பேர் வருவார்கள். "நேரத்துக்கு மதிப்பு இல்லையா, அந்த நேரத்தில் சம்பாதிக்கலாமே?" என்பார்கள். பாக்கெட்டைத் திருப்பிப் பார்க்கும் அரை நிமிஷத்துக்கு எனக்குச் சம்பளம் தரத் தயாராக இருக்கும் முதலாளி யாராவது இருந்தால் விலாசம் கொடுங்கள், நாளைக்கே சேர்ந்துவிடுகிறேன். இன்னொன்றும் உண்டு. கூடுதலாகச் சம்பாதிக்கும் காசில் வரி போகும், அலைச்சலுக்குப் போகும், மிச்சம்தான் கைக்கு வரும். செலவழிக்காமல் விட்ட காசு முழுசாகக் கையில் நிற்கும். இதைச் சொன்னால், பேசுகிறவர் மணிக்கணக்காகப் போனைத் தள்ளிக்கொண்டே இருப்பவர் என்பதையும் சொல்ல வேண்டிவரும். வேண்டாம்.

"வரிசையில் மற்றவர்கள் காத்திருந்தார்களே" என்கிறீர்களா? வீடியோவே ஒரு நிமிஷம் ஓடவில்லை. அடுத்த கேள்விக்குப் போவோம்.

"சில்லறையை மிச்சம் பிடித்து என்ன ஆகப் போகிறது, பெரிய செலவைக் குறையுங்கள்" என்பவர்கள் கொஞ்சம் படித்தவர்கள். அவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது, மறுக்கவில்லை. தேவைக்கு மேல் பெரிய வீடும் வண்டியும் வைத்துக்கொண்டு உப்பில் மிச்சம் பிடிப்பவரிடம் இதைச் சொல்லலாம். ஆனால் யாரிடம் சொல்கிறீர்கள் என்று பார்க்க வேண்டாமா? எர்ன்ஸ்ட் எங்கெல் என்ற ஜெர்மன் புள்ளியியல் அறிஞர் 1857-லேயே குடும்பங்களின் வரவு செலவை ஆராய்ந்து சொன்னார்: வருமானம் குறையக் குறைய அதில் சாப்பாட்டுக்குப் போகும் பங்கு கூடிக்கொண்டே போகும். இன்றைக்கும் பொருளாதாரப் பாடத்தில் அவர் பெயரால்தான் அந்த விதி இருக்கிறது. உங்களுக்கு மளிகை சில்லறைச் செலவு. அந்தப் பக்கம் இருப்பவருக்கு அதுதான் பெரிய செலவு. உங்கள் அளவுகோலை எடுத்துக்கொண்டு போய் அவர் வீட்டை அளக்காதீர்கள்.

"தரத்தில் சமரசம் செய்யலாமா, மலிவைச் சாப்பிட்டு நோய் வந்தால்?" இதுவும் வரும். கிலோ விலை பார்ப்பவர் மட்டமானதை வாங்குகிறார் என்று யார் சொன்னது? இரண்டு பாக்கெட்டும் ஒரே சாமான் என்று ஆரம்பத்திலேயே எழுதினேனே! தரத்தைப் பற்றி அவ்வளவு கவலை இருந்தால், வாங்கியதைக் கெடாமல் சாப்பிடுவோம் முதலில். 2022-ல் உலகத்தில் வீணான உணவு 105 கோடி டன் என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு கணக்குச் சொல்லியிருக்கிறது. அதில் 60 சதவீதம் வீடுகளில் வீணானது. கடைகளில் இல்லை, ஹோட்டல்களில் இல்லை, நம் வீடுகளில். பழசை முன்னால் தள்ளிப் புதுசைப் பின்னால் வைக்கும் வேலை இருக்கிறதே, எந்தத் தள்ளுபடியையும் விட அதில் மிச்சம் அதிகம். தேதியையும் படிக்க வேண்டும். இந்தத் தேதி வரை சுவையும் தரமும் நன்றாக இருக்கும் என்று போட்டிருப்பது வேறு, இந்தத் தேதிக்கு மேல் சாப்பிடாதே என்று போட்டிருப்பது வேறு. முதல் வகைத் தேதி தாண்டியதும் நல்ல பொருளைக் குப்பையில் கொட்டுகிறவர்தான் என்னிடம் தரம் பேசுகிறார்.

எழுத எழுத எனக்குத் தோன்றுவது வேறு. இதே கணக்கைக் கோட்டு போட்ட ஒருவர் ஆபீஸில் போட்டால் அதற்குப் பதவி உண்டு, கொள்முதல் மேலாளர் என்று நாற்காலி உண்டு. பங்குச் சந்தையில் 2 சதவீதம் லாபம் பார்த்தவர் விருந்தில் உட்கார்ந்து மணிக்கணக்காக வகுப்பு எடுப்பார், நாமும் வாய் பிளந்து கேட்போம். கார் வாங்கும்போது பேரம் பேசிக் குறைத்தவர் சாமர்த்தியசாலி. மாதா மாதம் மளிகையில் அதைவிட அதிக சதவீதம் மிச்சம் பிடிக்கிற பெண் மட்டும் அல்பம். மிச்சம் பிடித்த காசு எங்கே போனது என்று யாராவது கேட்டிருக்கிறீர்களா? பிள்ளையின் புத்தகத்துக்குப் போயிருக்கும், மாமனார் மருந்துக்குப் போயிருக்கும், உங்கள் பிறந்தநாள் சட்டையாகக்கூட ஆகியிருக்கும். தனக்கென்று அதில் எதுவும் எடுத்திருக்க மாட்டாள். எடுத்திருந்தால்தான் என்ன தப்பு என்பது தனிக் கதை.

அந்த வீடியோவில் அந்த அம்மாவின் முகம் தெளிவாகத் தெரிகிறது. அவருக்கும் பிள்ளைகள் இருக்கலாம், அவர்கள் போனுக்கும் இது போயிருக்கலாம். எடுத்தவர் ஒரு வார்த்தை கேட்டாரா? கேட்டிருந்தால், எந்த பாக்கெட் லாபம் என்றாவது சொல்லிக் கொடுத்திருப்பார்.

என் பட்டியலில் இருந்துகொண்டு அதைப் பகிர்ந்தவர்கள் இன்று இரவுக்குள் எடுத்துவிடுங்கள். எடுக்காதவர்களை நாளைக் காலையில் நானே பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன். "சும்மா தமாஷுக்குத்தான்" என்று விளக்கம் சொல்ல இன்பாக்ஸுக்கு வராதீர்கள், படிக்க மாட்டேன்.