முடிந்த பிறகு வந்து சேரும் அழைப்புகள்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நாளிதழின் உள்பக்கத்தில் ஒரு படம் பார்த்தேன். நகரிலுள்ள கலைக்கூடம் ஒன்றில் நடந்த அச்சுக்கலைக் கண்காட்சியின் நிறைவு விழா. மேடையில் ஒன்பது பேர், பொன்னாடை, நினைவுப்பரிசு. அவர்களுக்குப் பின்னால், பாதி மறைந்த நிலையில், மரக்கட்டையில் செதுக்கி மை தடவித் தாளில் ஒற்றி எடுத்த ஒரு பெரிய படம். மீனவப் பெண் ஒருத்தியின் முகம் போலிருந்தது. முழுதாகத் தெரியவில்லை.

நான் சென்னை வியாசர்பாடியில் பள்ளி ஓவிய ஆசிரியர். அதற்கு முந்தைய இரண்டு வாரமாக எட்டாம் வகுப்பில் அச்சு எடுப்பதைத்தான் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி, வண்ணத்தில் தோய்த்து, தாளில் வைத்து எடுத்தால் பூ வரும். உருளைக்கிழங்கில் பிள்ளைகள் தங்கள் பெயரின் முதல் எழுத்தைச் செதுக்கி, அது தாளில் இடம்வலம் மாறி விழுவதைக் கண்டு திகைத்துப் போனார்கள். அந்த நாள்களில், பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தொலைவில், அதே கலையின் பெரிய வேலைகள் சுவரில் தொங்கிக்கொண்டிருந்திருக்கின்றன. எங்களுக்குத் தெரியாது. அன்று முழுவதும் எனக்கு மனம் ஆறவில்லை.

இது ஒரு கூடத்தின் குறை அன்று, ஒரு முறை நடந்ததும் அன்று. நம் ஊரில் கலைக் கண்காட்சிக்கு அச்சடிக்கும் அழைப்பிதழைக் கையில் எடுத்துப் பாருங்கள். வரவேற்புரை யார், முன்னிலை யார், தலைமையுரை யார், நன்றியுரை யார் என்று வரிசையாக இருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு வரி இருக்காது. பிள்ளைகள் வரலாமா, உட்கார்ந்து வரையலாமா, எந்த நாள் விடுமுறை, படிக்கட்டு ஏற முடியாதவருக்கு வழி உண்டா, ஒன்றும் இருக்காது. இப்படி ஓர் அழைப்பு, மேடையில் அமர்பவர்களுக்குப் போதும். பார்க்க வருகிறவர்களுக்குப் போதாது.

ஒரு கண்காட்சி ஒரு மனிதனுக்கு என்ன செய்யும் என்பதற்கு இந்த ஊரிலேயே சான்று இருக்கிறது. 1873இல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சியில் இருபத்தைந்து வயது ரவி வர்மாவுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. கூந்தலில் பூச்சூடும் நாயர் பெண்ணின் ஓவியம் அது. திருவிதாங்கூருக்கு வெளியே அவர் பெயர் பரவத் தொடங்கியது அதன் பிறகுதான். பரிசு பெற்றவரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. நான் நினைத்துப் பார்ப்பது, அந்தக் கூடத்துக்குள் வந்து சுவரைப் பார்த்துவிட்டு வீடு திரும்பிக் கரித்துண்டை எடுத்த யாரோ ஒரு பையனை. அப்படி ஒருவன் இருந்தே இருப்பான்.

எழும்பூர் அருங்காட்சியகத்தை எங்கள் பாட்டி தலைமுறையினர் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. இந்த இரண்டு பெயருக்கும் பின்னால் உண்மையான உறவு உண்டு. 1851இல் தொடங்கிய அருங்காட்சியகத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்டு பால்ஃபர், உயிருள்ள விலங்குகளையும் அங்கே வைத்திருந்தார். மக்கள் திரண்டு வந்தார்கள். அதிலிருந்தே 1855இல் நகரின் விலங்குக் காட்சிசாலை பிறந்தது. செத்த காலேஜ் என்ற சொல்லில் ஏளனம் இருப்பதாக நான் கருதவில்லை. படிப்பறிவு இல்லாத மக்கள்கூட அந்த இடத்தைக் ‘காலேஜ்’ என்றுதானே அழைத்தார்கள்? கற்கும் இடம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இன்றும் காணும் பொங்கலன்று சோற்று மூட்டையும் பிள்ளைகளுமாக அந்த வளாகத்துக்கு வருகிற குடும்பங்களைப் பாருங்கள். கண்காட்சிக்குக் கூட்டம் வருவதில்லை என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

அங்கே உள்ள திருவாலங்காட்டு நடராசரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சோழர் காலச் செப்புத்திருமேனி. பாரிஸிலிருந்த சிற்பி ரோதான், சென்னை அருங்காட்சியக நடராசர்களின் ஒளிப்படங்களை மட்டுமே பார்த்து, 1913இல் வியந்து எழுதினார். நேரில் பார்த்ததில்லை. கடல் கடந்து போன ஒளிப்படம் அவரை எழுத வைத்தது. எங்கள் பிள்ளைகளோ சில கிலோமீட்டர் தொலைவிலேயே இருக்கிறார்கள்.

போன ஆண்டு ஒரு சனிக்கிழமை இருபத்திரண்டு பேரை அழைத்துப் போனேன். மாணவி ஒருத்தி, நடராசரின் தூக்கிய திருவடியை மட்டும் வரைந்தாள். நாற்பது நிமிடம். பிறகு, “சார், கீழே மிதிபடுகிறவன் ஏன் அழவில்லை?” என்று கேட்டாள். முயலகனின் முகத்தை நான் அதுவரை அப்படிக் கவனித்ததே இல்லை. “இந்தச் சிலை மாதிரி இன்னொன்று செய்யலாமா?” என்றான் ஒரு பையன். தேன்மெழுகில் உருவம் செய்து, அதன்மேல் வண்டல் மண் பூசி, சூட்டில் மெழுகை வடியவிட்டு, அந்த வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை ஊற்றுவார்கள், மண்ணை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், அதனால் அதே அச்சில் இரண்டாவது கிடையாது என்று விளக்கினேன். அவன் சிலையைத் திரும்பிப் பார்த்த பார்வை வேறாக இருந்தது. திருவாலங்காடு எங்கே என்றார்கள். அரக்கோணம் போகும் ரயிலில் போனால் வரும் ஊர், காரைக்கால் அம்மையார் தலையால் நடந்து சென்றதாகச் சொல்கிற தலம் என்றதும் அடுத்த சனிக்கிழமையே போகலாம் என்று ஆரவாரம்.

எனக்கு வேண்டியது இதுதான். வரப்போகும் நிகழ்ச்சி என்றால் புதிதாக நூறு பொருள்களைக் கொண்டுவந்து நிரப்ப வேண்டியதில்லை. ஒரே ஒரு சிற்பம் போதும். ஆந்திரத்து அமராவதியின் பௌத்தத் தூபியிலிருந்து வந்த ஒரு சுண்ணாம்புக் கல் சிற்பத்தை நடுவில் வையுங்கள். அதன் உடன்பிறப்புகள் பல 1859இல் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் போன கதையைத் தமிழில் ஒரு பலகையில் எழுதுங்கள். செப்புத்திருமேனி வார்க்கும் சுவாமிமலையிலிருந்து ஒரு சிற்பியை அழைத்து, மெழுகில் ஒரு விரலைச் செய்துகாட்டச் சொல்லுங்கள். நான் அறிந்த பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள்.

எந்தத் தேதியில் என்பதையும் பார்த்து வையுங்கள். உலக அருங்காட்சியக நாள் மே 18. அருமையான நாள்தான், ஆனால் அப்போது பள்ளி விடுமுறை. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் பாட்டி ஊரில் இருப்பார்கள். ஆகஸ்ட் 22, சென்னை நாள். காலாண்டுத் தேர்வுக்கு முன்னால் வருகிறது, எங்களுக்கு மிகவும் தோதானது. நவம்பர் 19 தொடங்கும் உலக மரபு வாரம் மழையில் சிக்கிக்கொள்ளும். ஆனாலும் கூரைக்குள் நடப்பதென்றால் குடை பிடித்துக்கொண்டு வந்துவிடுவோம். ஓவியக் கல்லூரி, கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமி, ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் உருவாக்கிய சோழமண்டலம் கலைஞர் கிராமம், முட்டுக்காட்டு தட்சிணசித்ரா அருங்காட்சியகம் என்று எத்தனையோ இடங்கள் உள்ள ஊர் இது. ஒரு மாதம் முன்பே, தமிழில், ஒரு பக்கம் போதும். பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் ரயில் நிலையங்களுக்கும் வரட்டும்.

இதைப் படிப்பவர்களில் கண்காட்சி நடத்துபவர்கள் யாராவது இருந்தால், ஆகஸ்டில் உங்கள் கூடத்தில் என்ன வைக்கப்போகிறீர்கள் என்று ஜூலை நடுவுக்குள் இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள். பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க எனக்கு இரண்டு வாரம் வேண்டும். நாற்பது பேர் வருவோம். தண்ணீர்ப் புட்டியும் பென்சிலும் நாங்களே கொண்டுவருகிறோம். தரையில் உட்கார்ந்து வரைய மட்டும் இடம் கொடுங்கள்.