ஓட ஓட செட் ஆயிடுமாம்!

"புது பிரேக் பேடு சார், ஓட ஓட செட் ஆயிடும்." இந்த ஒத்தை வரியை வெச்சே மெக்கானிக்குங்க மாடி வீடு கட்டிருவாங்க போல. காருல முன் சக்கரம் ரெண்டுக்கும் பேடு மாத்தி 600 கிலோமீட்டர் ஓடியாச்சு. செட் ஆனது சத்தம் மட்டும்தான். பழைய பேடு தேஞ்சு போனப்பகூட வண்டி இப்படி அழலை. காசு குடுத்து அழ வெச்சிருக்கேன்.

நேத்து நீடாமங்கலம் ரயில்வே கேட்டு. மூடினா தொறக்கறதுக்குள்ள ஒரு தூக்கமே போடலாம், உங்களுக்குத் தெரியாததா. முன்னாடி டவுன் பஸ் ஒரு முழம் நகருது. நானும் நகர்றேன். கீஈஈச்! பஸ்ஸுல கடைசி சீட்டு மொத்தமும் திரும்பிப் பாக்குது. இன்னொரு முழம். கீஈஈச்! டீக்கடை பெஞ்சுல பேப்பரை இறக்கிட்டு ஒருத்தர் முறைக்கிறார். மறுபடி ஒரு முழம். வெள்ளரிப்பிஞ்சு விக்கிற அம்மா கூடையோட குனிஞ்சு சக்கரத்தைப் பாத்துட்டு, "ஏந்தம்பி, உள்ள கோழி எதும் மாட்டிக்கிச்சா?"ங்கிறாங்க. கோழியா இருந்தா அறுத்துக் கொழம்பாவது வெச்சிருப்பேன் ஆத்தா.

இந்தா இருக்கு திருவாரூர். 96 அடி உயரம், 300 டன் ஆழித்தேர். ஹைட்ராலிக் பிரேக்கு, முட்டுக்கட்டைன்னு போட்டு அதையே திருப்பி நிறுத்துறாங்க. என் ஒரு டன் டப்பா நிக்கிறதுக்கு ஊரையே கூட்டுது.

ராத்திரி வாசல்லயே ஜாக்கி போட்டு சக்கரத்தைக் கழட்டிட்டேன். பேடு முதுகுல ஒட்டுற மெல்லிசு தகடு, ஷிம்முன்னு சொல்வாங்க, அது இல்லை. பேடோட ரெண்டு ஓரக் காது உக்கார்ற இடத்துல துருப்பிடிச்ச பழைய கிளிப்பு. பிரேக்கு முன்னும் பின்னும் நகர்றதுக்கு இருக்கிற ஸ்லைடு பின்னு கோடைக் காவிரி மாதிரி வறண்டு கிடக்கு. பேடு ஆடாம உக்காந்தாத்தானே சத்தம் வராது? இது சக்கரத்தோட சுத்துற டிஸ்க்கைத் தொட்டதும் நடுங்குது, அந்த நடுக்கம்தான் கீச்சு. சரி, புது ஷிம், கிளிப்பெல்லாம் எங்கய்யா? டிக்கியில! பேடு வந்த அட்டைப்பெட்டிக்குள்ள, பொட்டலத்தைப் பிரிக்கக்கூட இல்லை! கூலியை மட்டும் எண்ணி எண்ணி வாங்குன கைக்கு ஒரு பொட்டலம் பிரிக்க வலிச்சிருக்கு.

எல்லாம் மாட்டி, டிஸ்க்கை எமரி பேப்பர் போட்டுத் தேச்சுத் துடைச்சு, பேடு முதுகுலயும் பின்னுலயும் மட்டும் பிரேக் கிரீசு தொட்டு வெச்சேன். டிஸ்க்கை உரசுற முகத்துல பட்டா பிரேக்கே பிடிக்காது.

அப்புறம் பேடைப் பழக்கணும். 60 கிலோமீட்டர் வேகத்துல போய் 15-க்குக் கொண்டாரணும், முழுசா நிறுத்தாம பத்து தடவை. பிறகு பிரேக் தொடாம ஓட்டி ஆற விடணும். எங்க ஓட்டுறது? குறுவை அறுப்பு. பாதி ரோட்டுல நெல்லு, மீதியில ஆடு. நாலாவது தடவை 60 தொடறப்ப குறுக்க ஒரு படுதா. பெரியவர் ஒருத்தர் காலால நெல்லைக் கிண்டிக்கிட்டிருக்கார்.

"ஏன் பெரியப்பா, ரோட்டுலயா காய வைப்பீங்க?"

"17 சதவீதத்துக்கு மேல ஈரம் இருந்தா கொள்முதல் நிலையத்துல மூட்டையத் தொடமாட்டேங்கிறான். ஒன் வூட்டு மாடியில காயவெச்சுத் தர்றியா?"

வாயை மூடிக்கிட்டேன். அதுக்குள்ள தூறல். வண்டியை ஓரங்கட்டிட்டு அவரோட சேந்து படுதாவை இழுத்து மூடினேன். சட்டையெல்லாம் சொணை, இப்ப வரைக்கும் சொறியுறேன். கீச்சு நின்னுருச்சு, அதை விடுங்க. இத்தனை நெல்லு விளையிற சீமையில ஊருக்கு ஒரு சிமெண்டு களம் போட முடியாதாய்யா?